தெசெபால் தூங்குகிறான்

வெதூரியா பொச்சானுக்கு மனிதர்களைப் பிடிக்காது. மிருகங்களையும் அவ்வளவாகப் பிடிக்காது. அப்படிப்பட்டவளுக்கு, மனிதக் குட்டிகளை வரிசையாக நிறுத்தி வைத்து மிருகங்களைப் பற்றிப் பாடம் சொல்லும் வேலை வாய்த்திருந்தது. தர்கு பிராது நகராட்சி மிருகக்காட்சி சாலையில் 'கல்வி அலுவலர்' என்ற அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, பச்சை மேல்சட்டை போட்டுக்கொண்டு, மழையோ வெயிலோ நின்று பேச வேண்டிய வேலை.

அவள் ஆசைப்பட்டுப் படித்தது பாசியைப் பற்றி. பாறையிலும் மரப்பட்டையிலும் ஒட்டிக்கொண்டு வளருமே, அந்தப் பாசி. யாசி நகரத்தில் படித்த காலத்தில் காட்டுக்குள் மண்டியிட்டு உட்கார்ந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு, அரை நாளை அப்படியே கழிப்பாள். பாசி ஓடாது, கத்தாது, பாப்கார்ன் கேட்காது. ஆனால் பாசி பார்த்தவளுக்குச் சோறு போட ருமேனியாவில் யாரும் தயாராக இல்லை. ஒரு மலைக்கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் உயிரியல் டீச்சராகப் போனாள். அந்தக் கிராமத்துக்காரர்கள் ஒவ்வொரு குடும்பமாக ஸ்பெயினுக்கும் இத்தாலிக்கும் வேலைக்குப் போய்விட, பாடம் கேட்கப் பிள்ளைகள் இல்லாமல் பள்ளிக்கூடத்தைப் பூட்டினார்கள். அவள் கணவன் கொஸ்தெலும் வீடு கட்டும் வேலைக்கு என்று இத்தாலிக்குப் போனான். போன இடத்தில் தனக்கும் ஒரு வீடு கட்டிக்கொண்டான். அதற்குள் ஒருத்தியையும் குடிவைத்துக்கொண்டான். வெதூரியா அழவில்லை. "அவன் கட்டுற சுவர் எப்பவும் கோணலாத்தான் இருக்கும், அவ தலையில விழட்டும்" என்றதோடு சரி. நகராட்சியில் வேலை பார்த்த சித்தி மகள் லெனூட்சாதான் பேசிப் பிடித்து அவளை மிருகக்காட்சி சாலையில் சேர்த்துவிட்டாள்.

ஊருக்கு வெளியே, பைன் மரங்களுக்கு நடுவே இருந்தது அந்த இடம். பழைய கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் யாரோ ஒரு கட்சிக்காரருக்குத் தோன்றிய ஆசை. சாலையோர உணவு விடுதி ஒன்றிலிருந்து மீட்டு வந்த இரண்டு கரடிகள், கம்பி ஓரமாகவே நடந்து நடந்து தரையில் தடம் போட்டுவிட்ட ஓநாய்கள், கிட்டே போனால் துப்பும் ஒரு லாமா, கழுதைகள், மயில்கள். எல்லாவற்றுக்கும் மேலாகத் தெசெபால் என்று பழங்காலத்து ராஜா பெயர் வைத்த ஒரு கிழட்டுச் சிங்கம். திவாலான சர்க்கஸ் ஒன்று விட்டுப்போனது அது. வாயில் பல் என்று சொல்லிக்கொள்ள இரண்டு மூன்றுதான் மிச்சம். ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. பார்க்க வருகிறவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, யாரோ வெளியே தூக்கிப் போட்ட பழைய சோபா மாதிரி படுத்துக் கிடக்கும். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு பிள்ளையாவது "செத்துப்போச்சா?" என்று கேட்கும். "இல்ல, தூங்குறான்" என்று அவள் சொல்லுவாள். கேட்ட பிள்ளை அதற்குள் லாமாவைப் பார்க்கப் போயிருக்கும்.

கல்விச் சுற்றுலா என்று அதற்குப் பெயர். பேருந்து வந்து நின்றதும் முதலில் இறங்குவது வாந்தி எடுத்த பிள்ளைகள். பின்னால் மஞ்சள் தொப்பி போட்ட மற்றவர்கள். வாசலில் ஒருமுறை தலைகளை எண்ணிவிட்டு ஆசிரியைகள் நேராக உணவகத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே கரியடுப்பில் கறிச்சுருள் வெந்துகொண்டிருக்கும், கடுகு விழுதும் காப்பியும் கிடைக்கும். வகுப்புத் தாய்மார்கள் என்று கூட வரும் இரண்டு பேர், தங்கள் பிள்ளையை மட்டும் ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் நிறுத்திப் படம் எடுப்பார்கள். பின்னால் இருப்பது ஓநாயா கழுதையா என்று திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பிள்ளைகளுக்குக் கழிப்பறை, பாப்கார்ன், லாமா, மறுபடி கழிப்பறை, கடைசியில் வாசல் கடையில் ஒரு ரப்பர் பாம்பு.

கையில் வினாத்தாள் கொடுத்து அனுப்பும் பள்ளிகளும் உண்டு. அவற்றைப் பார்த்தால்தான் வெதூரியாவுக்கு இன்னும் எரியும். 'கரடி என்ன தின்னும்?' என்று அதில் கேட்டிருக்கும். இருபது பிள்ளைகள் கூண்டுக்கு முதுகைக் காட்டிப் பலகை முன்னால் நின்று, 'தேன், காட்டுப்பழம், மீன்' என்று பார்த்து எழுதுவார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால், எவனோ எறிந்த பழரச அட்டைப்பெட்டியை ஸ்ட்ராவோடு சேர்த்து மென்றுகொண்டிருக்கும் கரடி. ஒருநாள் அவள் பொறுக்க முடியாமல், திரும்பிப் பார்த்து அதையும் எழுதச் சொன்னாள். அட்டைப்பெட்டி என்று எழுதிய பிள்ளைகளுக்கு மதிப்பெண் குறைந்ததாக அடுத்த வாரம் புகார் வந்தது.

இதெல்லாம் போதாதென்று டைரக்டராக ஹொராட்சியு ஸம்ஃபீர் வந்து சேர்ந்தார். அதற்கு முன் செல்போன் கடை நடத்தியவர். தேர்தலில் ஜெயித்தவருக்குப் போஸ்டர் ஒட்டிய புண்ணியத்தில் மிருகங்களுக்கு அதிபதியானார். வந்ததும் ஐரோப்பிய நிதியில் 'அனுபவ மையம்' என்று ஒரு கண்ணாடிக் கட்டடம் எழுப்பினார். உள்ளே ஆளுயரத் திரைகள், தொட்டால் ஊளையிடும் பிளாஸ்டிக் ஓநாய், 'இயற்கையின் நண்பன்' என்று பெயர் அச்சடித்துக் கொடுக்கும் ஒரு பெட்டி. நிஜ ஓநாய்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கடந்துபோய், திரையில் ஓநாயைப் பார்த்துக் கைதட்டினார்கள் பிள்ளைகள். ஹொராட்சியு பூரித்துப் போனார். குழந்தைகளுக்கு உற்சாகம்தான் முக்கியம் என்று எந்தக் கூட்டத்திலும் சொல்லுவார். நிஜ மிருகங்கள் உற்சாகம் காட்டுவதில்லை என்பதில் அவருக்குத் தனிப்பட்ட வருத்தமே உண்டு.

வருடத்துக்கு ஒருமுறை, லைலாக் பூக்கும் சமயத்தில், 'வேறு மாதிரிப் பள்ளி' என்று ஒரு வாரம் வரும். அந்த வாரம் வகுப்பறையில் பாடம் நடத்தக் கூடாது; பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் வாழ்க்கையைக் காட்ட வேண்டும். மாவட்டத்தில் இருக்கும் எல்லாப் பள்ளிகளுக்கும் வாழ்க்கை என்றால் தர்கு பிராது மிருகக்காட்சி சாலைதான். அந்த வருடம் ஹொராட்சியு ஊர் முழுக்கப் போஸ்டர் அடித்திருந்தார்: பிடரி சிலிர்த்து வாயைப் பிளந்த ஒரு சிங்கம், கீழே 'ராஜாவைச் சந்திக்க வாருங்கள்'. படம் ஆப்பிரிக்காவில் எடுத்தது. தெசெபாலுக்கு அப்படி வாயைப் பிளக்கிற அளவுக்கு என்றைக்குமே தெம்பு இருந்ததில்லை.

அந்த வாரம் தொடங்குவதற்கு முதல்நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில், தெசெபால் செத்துப்போனது.

முதலில் பார்த்தது காப்பாளன் ஃபனிக்கா. கூண்டுப் படியில் உட்கார்ந்து, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதான். இத்தனை வருடமாகத் தெசெபாலுக்கு வரும் கறியில் நல்ல துண்டெல்லாம் அவன் பைக்குள் போய், வீட்டுச் சட்டியில் வெந்தது ஊருக்கே தெரியும். அழுகையும் நிஜம், கறியும் நிஜம். வெதூரியா அவன் பக்கத்தில் நின்று, மூக்கைச் சிந்தச் சொல்லிக் கைக்குட்டையைக் கொடுத்தாள். கைக்குட்டையைத் திருப்பித் தர வேண்டாம் என்றும் சொன்னாள்.

செத்த மிருகங்களை எரிக்க எடுத்துப் போகும் வண்டி வெள்ளிக்கிழமைதான் வரும் என்றார்கள். மருத்துவர் வந்து பார்த்துவிட்டுப் போனதும், தார்ப்பாயில் சுற்றி, மற்ற மிருகங்களுக்கான கறி தொங்கும் குளிர் அறையில் கிடத்தினார்கள். பிறகு ஹொராட்சியு எல்லோரையும் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"வெளிய யாருக்கும் தெரியக் கூடாது" என்றார். "வெதூரியா மேடம், நீங்க சிங்கம் உள்ளறையில தூங்குதுன்னு சொல்லிருங்க."

"அஞ்சு நாளாவா தூங்கும், டைரக்டர் சார்?"

"ஒரே பள்ளிக்கூடம் அஞ்சு நாளும் வரப்போகுதா என்ன? வர்றவங்களுக்கெல்லாம் அது அன்னைக்கு மட்டும்தான் தூங்குது."

அவர் இன்னும் விளக்கினார். செத்துப்போச்சு என்றால் பிள்ளைகள் அழும். அழுத பிள்ளையோடு அடுத்த வருடம் எந்தப் பள்ளிக்கூடம் திரும்பி வரும்? குழந்தைகள் துக்கத்தைப் பார்ப்பதற்கா இங்கே வருகிறார்கள்?

வெதூரியா மறுக்கவில்லை. அவளைப் பெரிய நியாயவாதி என்று யாரும் எண்ணிக்கொள்ள வேண்டாம். இத்தனை நாளும் இந்த இடம் சில்லறைப் பொய்களாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது முழுசாக ஒரு பொய்க்குத் துணிந்துவிட்டதே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு குரூரமான சந்தோஷம். பார்ப்போம், எத்தனை முட்டாள்கள் நம்புகிறார்கள் என்று தலையாட்டிவிட்டு வந்தாள்.

திங்கட்கிழமை முதல் வகுப்பு வந்தது. காலிக் கூண்டின் முன்னால் நின்று, தெசெபால் உள்ளே தூங்குகிறான் என்றாள். முணுமுணுப்பு எழும், லாமா எங்கே என்று கேட்பார்கள் என்று காத்திருந்தாள். யாரும் நகரவில்லை. மொத்த வகுப்பும் கம்பியில் மூக்கை வைத்து அழுத்திக்கொண்டு, பின்சுவரில் இருந்த இருட்டு வாசலையே பார்த்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று அவள் வாயைத் திறந்தாள். அவன் தூங்கினாலும் காது தூங்காது என்றாள். இப்போது நீங்கள் மூச்சு விடுவதுகூட அவனுக்குக் கேட்கும், எத்தனை பேர் வந்திருக்கிறீர்கள் என்று படுத்தபடியே எண்ணிக்கொண்டிருப்பான் என்றாள். பிள்ளைகள் மூச்சை அடக்கிக்கொண்டார்கள். இத்தனை வருடத்தில் அவள் பேச்சுக்குக் கிடைத்த முதல் நிசப்தம் அது.

செவ்வாய்க்கிழமை ஒரு பையன் வாலைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்தான். புதன்கிழமை ஓர் ஆசிரியையே இரண்டு கண்கள் மின்னியதாகச் சொன்னாள், கையில் காப்பிக் கோப்பையோடு. தாய்மார்கள் இருட்டு வாசலின் முன்னால் பிள்ளைகளை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டார்கள். இருந்தபோது ஒருவரும் பார்க்காத சிங்கத்தை, இல்லாதபோது வரிசையில் நின்று பார்த்தார்கள். ஹொராட்சியுவுக்குத் தலைகால் புரியவில்லை. இணையத்தில் ஒரு கர்ஜனையைத் தேடிப் பிடித்து, ஃபனிக்காவின் கையில் ஒரு செல்போனையும் ஒரு ஸ்பீக்கரையும் கொடுத்து, உள்ளறையில் உட்கார வைத்தார். வெதூரியா தொண்டையைக் கனைத்ததும் அவன் பொத்தானை அமுக்க வேண்டும்.

கர்ஜனை கேட்டதும் பிள்ளைகள் சிதறி ஓடி, மறுபடி கம்பிக்கு வந்து ஒட்டிக்கொண்டார்கள். வெதூரியாவுக்கு உலகத்தின் மேல் இருந்த இளக்காரம் இதற்கு மேல் ஏற இடமில்லை என்கிற அளவுக்கு உயர்ந்தது. அதை அவள் ரசிக்கவும் செய்தாள். ஆனால் வீட்டுக்குப் போய்ச் சோளக்களியைத் தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

புதன்கிழமை மதியம் ஃபனிக்காவைத் தேடிக் குளிர் அறைக்குப் போனாள். அவன் அங்கே இல்லை. தார்ப்பாய் ஒரு பக்கம் விலகி, ஒரு முன்னங்கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. போகத் திரும்பியவள் நின்றுவிட்டாள். எவ்வளவு பெரிய பாதம். சாப்பாட்டுத் தட்டு அளவு. விரல்களுக்கு நடுவே மயிர், அதில் இன்னும் வைக்கோல் துணுக்குகள். காட்டில் பாசிக்கு முன்னால் உட்கார்வது போல, பழைய பழக்கத்தில் குனிந்து உட்கார்ந்துவிட்டாள். இந்த மிருகத்தைப் பற்றி இத்தனை வருடம் வாய் வலிக்கப் பேசியிருக்கிறாள். ஒரே ஒரு நாள்கூட அதன் பாதத்தைப் பார்த்ததில்லை. உணவகத்து ஆசிரியைகளை அவள் என்னவெல்லாம் நினைத்தாளோ, அதெல்லாம் அந்தக் குளிரில் அவள் பக்கமே திரும்பி வந்தன. தார்ப்பாயை இழுத்து மூடிவிட்டு வெளியே வந்தாள்.

வியாழக்கிழமை வந்தது கமேலியா கிரெட்சுவின் மூன்றாம் வகுப்பு. ஊரிலேயே பெரிய மனிதர் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளி. எல்லோருக்கும் சீருடை, முதுகில் பெயர் எழுதிய பை. கமேலியா டீச்சர் வாசலில் தலைகளை எண்ணினாள். "இன்னும் முக்கால் மணி நேரத்துல வந்துருவேன், நீங்கதான் இருக்கீங்களே" என்றாள். தாய்மார்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு கறிச்சுருள் வாசனை வந்த திசையில் போய்விட்டாள்.

காலிக் கூண்டின் முன்னால் எல்லாம் வழக்கப்படியே நடந்தது. காது தூங்காது என்றாள். பிள்ளைகள் மூச்சை அடக்கினார்கள். தொண்டையைக் கனைத்தாள். உள்ளேயிருந்து கர்ஜனை கம்பிகள் அதிர வந்தது. அது அடங்கியதும், அதே உள்ளறையிலிருந்து, அதே சத்தத்தில், ஒரு பெண்ணின் தேன்குரல் கோடைக்கால டயர்களுக்குச் சிறப்புத் தள்ளுபடி இருப்பதாகவும், இன்றே முந்துமாறும் அறிவித்தது. ஃபனிக்கா எதையோ தட்டுவதும் திட்டுவதும் கேட்டது. டயர் இன்னும் உரக்க விற்றது.

பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஒக்தாவ் என்ற குண்டுப் பையன் சிங்கம் டயர் விற்கிறது என்று கத்திக் கூத்தாடினான். இலின்கா என்ற ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. இரட்டைப் பின்னலைக் கடித்துக்கொண்டு, சிரிப்பு ஓயும்வரை காத்திருந்தாள். பிறகு கேட்டாள்:

"டீச்சர், உள்ள சிங்கம் இருக்கா, இல்லையா?"

வெதூரியாவிடம் பதில் தயாராகத்தான் இருந்தது. அது மிருக மருத்துவரின் ஸ்பீக்கர், சிங்கத்துக்குத் துணைக்காக வைத்தது என்று சொல்லலாம், ஹொராட்சியு சொல்லிக்கொடுத்திருந்தார். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"இல்ல" என்றாள். "செத்துப்போச்சு. ஞாயித்துக்கிழமை."

யாரும் அழவில்லை. சட்டென்று எல்லோரும் அவளைப் பார்த்தார்கள், கூண்டை அல்ல, அவளை. பிறகு கேள்விகள் வந்தன. வினாத்தாளில் எந்தக் காலத்திலும் இல்லாத கேள்விகள். ஏன் செத்தது? வயசாகி. அதற்குத் தெரியுமா சாகப்போகிறோம் என்று? புதைத்தாச்சா? இல்லை. அப்படியென்றால் எங்கே இருக்கிறது? குளிர் அறையில். தனியாகவா?

"எங்க தாத்தா செத்தப்ப படைக்கக் கொலிவா செஞ்சோம்" என்றான் ஒக்தாவ். கூத்தாடியதெல்லாம் அவனுக்கு மறந்துபோயிருந்தது. "கோதுமை, வால்நட் எல்லாம் போட்டு. சிங்கத்துக்கு யாராவது செஞ்சீங்களா?"

"யாரும் செய்யல."

"ஏன்?"

"தோணல."

அந்தப் பதில் அவர்களுக்குச் சரியாகப் படவில்லை, அவளுக்கும் படவில்லை. நாங்கள் பார்க்கலாமா என்று இலின்கா கேட்டாள். வெதூரியா உணவகத்தின் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு இருவர் இருவராகக் கைபிடித்து நிற்கச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

உள்ளறையிலிருந்து ஓடி வந்த ஃபனிக்கா குளிர் அறை வாசலில் குறுக்கே நின்றான். டைரக்டர் தோலை உரித்துவிடுவார் என்றான். "உன் தோலுக்கு யாரு ஆசப்படப் போறா, கதவத் திற" என்றாள் அவள். திறந்தான். ஆறு ஆறு பேராக உள்ளே போனார்கள். தார்ப்பாயை விலக்கியதும் பின்னால் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள், முன்னால் இருந்தவர்கள் ஒரு அடி பின்வாங்கினார்கள், பிறகு கிட்டே வந்தார்கள்.

ஒரு பெண்குழந்தை ஒற்றை விரலால் பாதத்தின் அடியைத் தொட்டுப் பார்த்து, பாட்டி குதிகால் மாதிரி இருக்கிறது என்றது. இன்னொருவன் பிடரி மயிரைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு மெல்லக் கீழே விட்டான். சிங்கத்தின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

"பல்லு எங்க?" என்று இலின்கா கேட்டாள்.

"சர்க்கஸ்காரன் புடுங்கிட்டான்."

"எதுக்கு?"

"கடிக்கக் கூடாதுன்னு."

"அப்புறம் எப்படிக் கறி தின்னுச்சு?"

வெதூரியா ஃபனிக்காவைப் பார்த்தாள். ஃபனிக்கா கூரையைப் பார்த்தான். "கொஞ்சமா" என்றாள். "ரொம்பக் கொஞ்சமா."

"வலிச்சிருக்குமா டீச்சர்?"

"தெரியாது" என்றாள் வெதூரியா. கழுத்தில் அந்த அட்டையை மாட்டிக்கொண்டு அவள் இந்த வார்த்தையைச் சொன்னது அன்றைக்குத்தான்.

ஒரு பையன் அழ ஆரம்பித்தான். அவனை யாரும் கேலி செய்யவில்லை, சமாதானமும் செய்யவில்லை. பக்கத்தில் நின்றவன் அவன் கையை மட்டும் விடவில்லை. வாயிலிருந்து புகை மாதிரி மூச்சு வர, இரும்புக் கொக்கிகளுக்குக் கீழே அந்தப் பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். கழிப்பறை என்றோ பாப்கார்ன் என்றோ ஒரு குரல் எழவில்லை.

பிள்ளைகளைக் காணாமல் தேடி வந்த கமேலியா டீச்சர் வாசலில் வந்து நின்றாள். உதட்டோரத்தில் கடுகு விழுது ஒட்டியிருந்தது. உள்ளே கிடந்ததைப் பார்த்ததும் கன்னத்துச் சிவப்பெல்லாம் வடிந்துபோனது.

"என்ன பண்றீங்க நீங்க?" என்றாள்.

"சிங்கத்தக் காட்டுறேன்" என்றாள் வெதூரியா. "அதுக்குத்தானே கூட்டிட்டு வந்தீங்க?"

பேருந்து பள்ளிக்கூடத்துக்குத் திரும்புவதற்குள் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழு பற்றியெரிந்தது. பிணக்கிடங்கில் பூட்டி வைத்தார்கள் என்று ஒருத்தி எழுதினாள். பிணத்தை முத்தமிட வைத்தார்கள் என்றாள் அடுத்தவள். தன் மகன் இரவு கறி உருண்டை தின்ன மறுத்துவிட்டதாக ஒரு தகப்பன் முறையிட்டான். அதற்கு யார் நஷ்டஈடு தருவது? மனநல நிபுணர் வேண்டும் என்றார்கள். கூண்டு காலியாக இருந்ததைப் பற்றியோ, நான்கு நாளாக மாவட்டத்துப் பிள்ளைகள் அத்தனை பேர் காதிலும் பூச்சுற்றியதைப் பற்றியோ ஒரு வரி கிடையாது. உள்ளூர்த் தொலைக்காட்சி பள்ளி வாசலில் வந்து நின்று, ஒக்தாவின் வாய்க்குக் கிட்டே மைக்கை நீட்டி, ரொம்பப் பயந்துட்டியா கண்ணா என்று கேட்டது. "இல்ல. குளிரா இருந்துச்சு" என்றான் அவன். அதை வெட்டிவிட்டு, அழுத பையனின் தாய் அழுவதைக் காட்டினார்கள்.

விசாரணைக் குழு கூடியது. ஹொராட்சியு, நகராட்சி ஆள் ஒருவர், மாவட்டத்திலிருந்து வந்த மனநல நிபுணர் அம்மாள். அங்கீகரித்த நிகழ்ச்சித் திட்டத்தை நீங்கள் ஏன் மீறினீர்கள் என்று கேட்டார்கள். அங்கீகரித்த திட்டத்தில் டயர் விளம்பரம் இருந்ததா என்று அவள் திருப்பிக் கேட்டாள். நகராட்சி ஆள் சிரிப்பை மறைக்க இருமினார். நிபுணர் அம்மாள், மரணத்தைக் குழந்தைகளுக்குப் படிப்படியாக, வண்ணத்துப்பூச்சி போன்ற சிறிய உயிர்களிலிருந்து தொடங்கி அறிமுகப்படுத்த வேண்டும் என்று நிதானமாக விளக்கினார். அந்தப் பிள்ளைகளில் பாதிப் பேர் தாத்தா பாட்டியைச் சவப்பெட்டியில் பார்த்தவர்கள் என்றாள் வெதூரியா. அதை யாரும் குறித்துக்கொள்ளவில்லை.

லெனூட்சா மட்டும் அவளைத் தனியே பிடித்துப் பாராட்டினாள். "உண்மையச் சொல்ல உனக்கு எவ்வளவு தைரியம்க்கா. அந்தப் பிள்ளைங்களுக்காக வேலையவே பணயம் வச்சிட்டியே."

"பிள்ளைங்களுக்காக ஒண்ணும் இல்ல. எரிச்சல்ல செஞ்சேன்" என்றாள் வெதூரியா. "டயர்க்காரி கத்துனா, எனக்கு எல்லாம் போதும்னு ஆயிருச்சு. அவ்வளவுதான். நீ வேற தோரணம் கட்டாத."

அது உண்மைதான். ஆனால் முழு உண்மையா என்றால், புதன்கிழமை மதியம் குளிர் அறையில் குனிந்து உட்கார்ந்ததை அவள் லெனூட்சாவிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை.

வேலையைப் பிடுங்கவில்லை, மாற்றினார்கள். நகராட்சிக் கல்லறைத் தோட்ட அலுவலகத்தில் ஒரு மேசை. அங்கே பள்ளிக்கூடங்கள் வருவதில்லை என்பதால் ஆபத்தில்லை என்று நினைத்தார்கள் போலும். முதல் வாரமே அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போனது. பழைய கல்லறைகளின் வடக்குப் பக்கம் பாசி நன்றாக வளர்ந்திருந்தது. வந்து போகும் உயிருள்ளவர்கள்தான் இடைஞ்சல். இரண்டு அண்ணன் தம்பிகள் அப்பனின் கல்லறைக்குப் பக்கத்தில் இருந்த ஒரே காலி இடத்துக்காக ஒவ்வொரு மாதமும் வந்து சண்டை போட்டார்கள், இருவருமே கல்லுக்குண்டு மாதிரி திடமாக இருந்துகொண்டு.

ஹொராட்சியு ஒரே ராத்திரியில் சுதாரித்துக்கொண்டார். ஊரே தெசெபாலைப் பற்றிப் பேசுகிறது, அதை எரிப்பதாவது? வெள்ளிக்கிழமை வந்த வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டு, தோலைப் பாடம்செய்யும் ஆளை வரவழைத்தார். இலையுதிர் காலத்தில் அனுபவ மையத்துக்கு நடுவில் சிங்கத்துக்குத் திறப்பு விழா வைத்தார்கள். பழையதை மனதில் வைத்துக்கொள்ளாதவன் நான் என்று காட்டிக்கொள்ள வெதூரியாவுக்கும் அழைப்பு அனுப்பினார். அவள் போனாள். போகாமல் இருக்க அவள் குணம் விடவில்லை.

பளிங்கு மேடையில் நின்றிருந்தது தெசெபால். வாயை அகலப் பிளந்து, உள்ளே வெள்ளை வெளேரென்று வரிசைப் பற்கள். கண்கள் இரண்டும் மஞ்சள் கண்ணாடி. ஒரு காலைத் தூக்கிப் பாறை மேல் வைத்திருந்தார்கள். உயிரோடு இருந்தபோது அந்தக் காலை அதனால் அவ்வளவு தூக்க முடிந்ததில்லை. முன்னால் ஒரு சிவப்புப் பொத்தான், அமுக்கினால் கர்ஜனை. இந்த முறை விளம்பரம் இல்லாத கர்ஜனை. பிள்ளைகள் முண்டியடித்து அமுக்கினார்கள், ஒரு கர்ஜனை முடியுமுன் அடுத்தது. கமேலியா டீச்சர் புது வகுப்போடு வந்திருந்தாள். வெதூரியாவைப் பார்த்ததும் பிள்ளைகளைக் கொஞ்சம் தன் பக்கமாகச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"எப்படி இருக்கு மேடம்?" என்று ஹொராட்சியு கேட்டார். பாராட்டை எதிர்பார்த்து நின்றார்.

அவள் சுற்றி வந்து பார்த்தாள். பிடரியைச் சுருள் சுருளாக வாரிவிட்டிருந்தார்கள். குனிந்து முன்பாதத்தைப் பார்த்தாள். விரல்களுக்கு நடுவே சுத்தமாகச் சிரைத்துப் பசை பூசியிருந்தது.

"பல்லு ரொம்ப நல்லா இருக்கு, டைரக்டர் சார்" என்றாள். "உயிரோட இருந்தப்ப வச்சு விட்டிருக்கலாம்."

அவர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்ற மேயரிடம் திரும்பச் சொன்னார். மேயரும் சிரித்தார். கேக் வெட்டினார்கள். சிங்க முகம் போட்ட கேக். கத்தி நேராக மூக்கில் இறங்கியது. கேக் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெதூரியா வெளியே வந்தாள். வாசலில் சூடாக ஒரு கொவ்ரிக் ரொட்டி வளையம் வாங்கி, எள்ளை உதிர்த்தபடியே தின்றுகொண்டு பேருந்துக்கு நின்றாள். மதியத்துக்கு மேல் அந்த அண்ணன் தம்பிகள் வக்கீலோடு வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.